போகாமல் விட்ட இடங்கள்

கைக்குட்டை இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. யாராவது கை குலுக்க வந்துவிட்டால் உள்ளங்கை ஈரமாக இருக்கக் கூடாதே என்பதற்காக. கூட்டம் எதுவானாலும் நேரத்துக்கு முன்பே போய்விடுவேன். பொறுப்பானவர் என்று பெயர். எல்லோரும் உட்கார்ந்த பிறகு கதவைத் திறந்தால் அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பும். அதற்குப் பயந்து வந்த பொறுப்பு அது. போனதும் கதவோரத்து நாற்காலியைப் பிடித்துவிடுவேன். போன் அடித்தால் அது ஓயும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஓய்ந்ததும், 'சாரி, வேலையா இருந்தேன், என்ன விஷயம்?' என்று ஒரு செய்தி போகும். கையெழுத்துப் போடும்போது எதிரே நிற்பவர் பேனாவையே பார்க்கிறார் என்று தோன்றினால், 'நிரப்பி எடுத்துட்டு வந்து தர்றேன்' என்று படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வேன்.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் நோய் இல்லை. ஆளுக்கொரு பழக்கம், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சமூகப் பதற்றத்துக்காக, அதாவது பிறர் என்னை எடைபோடுவார்களே என்ற பயத்துக்காக, சிகிச்சைக்குப் போன இடத்தில் உளவியலாளர் ஒரு தாளைக் கொடுத்து, 'என்ன பயம்னு எழுத வேண்டாம். அந்தப் பயம் வராம இருக்க என்னென்ன செய்றீங்க, அதை மட்டும் எழுதுங்க' என்றார். பக்கம் நிறைந்தது. பின்பக்கமும் பாதிக்கு வந்துவிட்டது. என்ன பயம் என்று கேட்டிருந்தால் இரண்டு வரி எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்.

அதனால்தான், சமூகப் பதற்றத்தின் அறிகுறிகள் என்று படபடப்பு, வியர்வை, நடுக்கம், நாவறட்சி என வரிசை போட்டு முடித்துக்கொள்ளும் கட்டுரைகள் எனக்குப் போதவில்லை. அவை எல்லாம் வரும், உண்மைதான். ஆனால் யாருக்குத்தான் வராது? ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் ஒரு சோதனை முறையை உருவாக்கினார்கள். வந்தவரை ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்கள். அடுத்த ஐந்து நிமிடம் 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்து உரக்கச் சொல்லச் சொல்வார்கள். எதிரே இருக்கும் நடுவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள். தப்பாகச் சொன்னால் முதலிலிருந்து. எந்தக் கோளாறும் இல்லாத ஆட்களிலும் பெரும்பாலானோருக்கு இதில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் எகிறிவிடும். மன அழுத்தத்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க இன்றைக்கும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நாலு பேர் எடைபோடும்போது உடம்பு பதறுவது மனிதருக்குப் பொது. முகம் சிவப்பதைப் பற்றி 1872இலேயே டார்வின் யோசித்திருக்கிறார். உணர்ச்சி வெளிப்பாடுகளிலேயே மனிதத்தன்மை மிகுந்தது அதுதான் என்பது அவர் கணிப்பு.

எனவே நடுங்கும் கையை விட்டுவிட்டு, ஒருவர் எதைச் செய்யாமல் விடுகிறார், விட முடியாத இடத்தில் எதைச் செய்து சமாளிக்கிறார் என்று பார்த்தால் விஷயம் சீக்கிரம் பிடிபடும்.

ஒரு காட்சியை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். ஒருவரையொருவர் தெரியாத பத்துப் பதினைந்து பேர் ஓர் அறையில். நடத்துபவர் உற்சாகமாக, 'அந்த ஓரத்துல இருந்து ஆரம்பிக்கலாம். பேரு, என்ன பண்றீங்க, உங்களுக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு' என்கிறார். நான் உடனே எண்ணுகிறேன். எனக்கு முன்னால் எட்டுப் பேர். முதல் ஆள் வாயைத் திறக்கும்போதே என் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். சொல்ல வேண்டியது என் பெயர். நினைவு தெரிந்த நாளாகச் சொல்லிவரும் பெயர். அதற்கு ஒத்திகை. மூன்றாவது ஆள் ஏதோ சொல்ல எல்லோரும் சிரிக்கிறார்கள். எதற்கென்று தெரியாமல் ஒரு நொடி பிந்தி நானும் சிரிக்கிறேன். நான் சொல்லலாம் என்று வைத்திருந்த 'பிடிச்ச விஷய'த்தை ஐந்தாவது ஆள் சொல்லிவிடுகிறார். இப்போது வேறு தேட வேண்டும். காது அடைத்த மாதிரி இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் முடித்துவிட்டு என்னைப் பார்க்கிறார். பேசுகிறேன், என் குரல் எனக்கே தள்ளி எங்கோ இருந்து கேட்கிறது. பத்து நொடியில் முடிந்துவிடுகிறது.

முடிந்தது என்று நிம்மதியா என்றால், இல்லை. எனக்குப் பின்னால் பேசுபவர்கள் சொல்வதும் காதில் ஏறாது. நான் சொன்னதை மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். சுற்று முடியும்போது அந்த அறையில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இடைவேளையில் ஒருவர் வந்து என்னைப் பெயர் சொல்லி அழைப்பார், நான் விழிப்பேன். சரியான தலைக்கனம் என்று அவர் நினைத்துக்கொண்டு போனால் அவர் மேல் தப்பில்லை. இந்தக் கோளாறு வெளியிலிருந்து பார்க்கும்போது பல சமயம் திமிராகத்தான் தெரிகிறது. கண்ணைப் பார்க்காமல் பேசுவது, ஒற்றை வார்த்தையில் பதில், யாரோடும் ஒட்டாமல் ஓரமாகப் போனை நோண்டிக்கொண்டிருப்பது, எல்லோருக்கும் முன்னால் 'நான் வர்றேன்' என்று கிளம்பிவிடுவது. பயந்திருக்கும் ஆளும் பிறரை மதிக்காத ஆளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறார்கள்.

இரவு நேரத்து மறுஒளிபரப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'நல்லா பேசினீங்க' என்று ஒருவர் சொன்னதற்கு 'நன்றி' என்பதற்குப் பதில் 'பரவாயில்லை' என்று உளறியிருப்பேன். அதைக் கேட்டவர் அடுத்த நிமிடமே மறந்திருப்பார். எனக்கு அது பல வருடம் கழித்தும், தூக்கம் வராத இரவுகளில், முதுகைச் சில்லிட வைக்கும். உளவியலில் இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு சந்திப்பு முடிந்த பிறகு அதை அசைபோடும்போது, நடந்ததை உள்ளபடி நினைவுகூர்வதில்லை. அப்போது உள்ளுக்குள் எவ்வளவு பதறினோமோ அந்தப் பதற்றத்தை வைத்தே நடந்ததை எடைபோடுகிறோம். நடுக்கமாக உணர்ந்தேன், ஆகவே நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்; கேவலமாக உணர்ந்தேன், ஆகவே கேவலமாகத்தான் நடந்துகொண்டேன். இப்படித் தயாரான நினைவு, அடுத்த அழைப்பு வரும்போது முதல் சாட்சியாக வந்து நிற்கிறது.

மருத்துவம் இதைக் கவனிக்கவே தாமதமானது. 1966இல் பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர்கள் ஐசக் மார்க்ஸும் மைக்கேல் கெல்டரும் பலவகைப் பயங்கள் எந்தெந்த வயதில் தொடங்குகின்றன என்று பிரித்துப் பார்த்தார்கள். விலங்குகளைக் கண்டு பயப்படுவது சின்னஞ்சிறு வயதிலும், மனிதர்கள் முன்னால் வரும் பயம் பெரும்பாலும் பருவ வயதை ஒட்டியும் தொடங்குவதைக் கண்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்.மில் இது தனி நோயாக இடம்பிடித்தது 1980ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில்தான், அதுவும் 'சோஷியல் ஃபோபியா' என்ற பெயரில். 1985இல்கூட அமெரிக்க மனநல மருத்துவர் மைக்கேல் லீபோவிட்ஸும் சகாக்களும் இதை, கவனிப்பாரற்றுக் கிடக்கும் பதற்றக் கோளாறு என்றே எழுத வேண்டியிருந்தது.

அந்த லீபோவிட்ஸ் 1987இல் உருவாக்கிய அளவுகோலில் 24 சூழ்நிலைகள் இருக்கின்றன. பிறர் பார்க்க எழுதுவது, பொது இடத்தில் போனில் பேசுவது, வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது, பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவது என்று நீளும் பட்டியலில் 'மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழைவது' என்று ஒன்றைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. அந்த அளவுகோலில் எனக்குப் பிடித்தது அதன் அமைப்பு. ஒவ்வொரு சூழ்நிலைக்கும் இரண்டு மதிப்பெண்: எவ்வளவு பயம் என்று ஒன்று, எவ்வளவு தவிர்க்கிறீர்கள் என்று இன்னொன்று. பயம் குறைவு, தவிர்ப்பது அதிகம் என்று சிலருக்கு வரும். வாழ்க்கையை அந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்டதால் பயப்பட இடமே மிச்சமில்லை என்பதுதான் அதற்குப் பொருளாக இருக்கும்.

2013இல் வந்த டி.எஸ்.எம். கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, 'சமூகப் பதற்றக் கோளாறு' என்பதையே முதன்மைப் பெயராக்கியது. அதன்படி பார்த்தால், பிறர் கவனிக்கக்கூடிய சூழ்நிலைகளில் தன்னைத் தாழ்வாக எடைபோட்டுவிடுவார்கள் என்ற பயம் கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் வர வேண்டும். இருக்கும் ஆபத்துக்கு அந்தப் பயம் பொருந்தாத அளவில் இருக்க வேண்டும். பொதுவாக ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்க வேண்டும். வேலை, படிப்பு, உறவு ஏதாவது ஒன்றைக் கெடுக்க வேண்டும், அல்லது பெரும் வேதனை தர வேண்டும். பழைய பதிப்பில், 'என் பயம் மிகையானது என்று எனக்கே தெரிகிறது' என்று நோயாளி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. பயத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அது மிகை என்று எப்படித் தெரியும்?

மேடைப் பேச்சு போன்றவற்றில் மட்டும் பயம் வருகிறவர்களுக்கு அதே கையேட்டில் தனிக் குறிப்பு உண்டு. அவர்கள் விருந்தில் கலகலப்பாக இருப்பார்கள். மைக்கைக் கொடுத்தால் மட்டும் உறைந்துபோவார்கள். வேறு சிலருக்கு மேடை பரவாயில்லை, ஏனென்றால் அங்கே என்ன பேசுவது என்று எழுதி வைத்திருக்கலாம். பேசி இறங்கிய பிறகு நாலு பேர் சூழ்ந்துகொண்டு சும்மா பேசுவார்களே, அதுதான் தாங்காது. நான் இரண்டாவது வகை.

சபைக் கூச்சம், தனிமை விரும்பும் குணம் இரண்டையும் இதோடு போட்டுக் குழப்புவது சகஜம். கூச்சம் கொஞ்ச நேரத்தில் கரையும். அறிமுகமான அரைமணி நேரத்தில் ஆள் சகஜமாகிவிடுவார். தனிமை விரும்பி வீட்டில் புத்தகத்தோடு இருந்தால் சந்தோஷமாக இருப்பார். சமூகப் பதற்றம் உள்ளவரும் அதே இரவு வீட்டில்தான் இருப்பார், ஆனால் நண்பர்கள் போடும் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு. போக ஆசை இருந்தது. அழைப்பு வந்தபோது ஒத்துக்கொண்டதும், அன்று மாலை 'தலைவலி, மன்னிச்சிடு' என்று செய்தி அனுப்பியதும், அனுப்பிய அடுத்த நொடி உடம்பெல்லாம் தளர்ந்து ஒரு சுகம் வந்ததும், பத்து மணிக்கு மேல் அந்தச் சுகம் வேறு ஏதோவாகத் திரிந்ததும் அவருக்குத் தெரியும். அந்த நிவாரணச் சுகத்தை நீங்கள் அடையாளம் கண்டுகொள்கிறீர்கள் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

வேறு சிலவற்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் கூட்டம் சிரமம்தான், ஆனால் அடிப்படைச் சிக்கல் பிறர் கொடுக்கும் மறைமுகக் குறிப்புகளைப் படிப்பதில் இருக்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மனச்சோர்வில் ஆட்களைத் தவிர்ப்பவருக்குப் பெரும்பாலும் யாரையும் பார்க்க ஆசையே இருக்காது.

எங்கிருந்து வருகிறது இது? என்னிடம் யாராவது கேட்டால் ஒரு சம்பவத்தை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். வகுப்பில் யாரோ சிரித்தார்கள், ஆசிரியர் அவமானப்படுத்தினார் என்று ஏதாவது. சிலருக்கு அப்படி ஒரு நாள் உண்டு. அந்த நாளின் வெளிச்சம், நின்ற இடம் எல்லாம் நினைவில் இருக்கும். பலருக்கு அப்படி எதுவும் கிடையாது. எனக்கும் கிடையாது. தேடித் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கொஞ்சம் பிறவியிலேயே வருகிறது. ஹார்வர்டில் உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளையும் ஒலிகளையும் வாசனைகளையும் காட்டிப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஐந்தில் ஒன்று என்ற அளவில் சில குழந்தைகள் கைகாலை உதறி அழுதன. புதியதைக் கண்டால் சட்டென்று கிளர்ந்துவிடும் நரம்பு அமைப்பு அவர்களுக்கு. இந்தக் குழந்தைகள் வளரும்போது அந்நியர்களிடம் ஒதுங்கும் வாய்ப்பும், பின்னால் சமூகப் பதற்றம் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். ஆனால் அந்தக் குணத்தோடு பிறந்த எல்லோருக்கும் கோளாறு வருவதில்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் பரம்பரையின் பங்கு உண்டு என்றே தெரிகிறது. ஆனால் பாதிக்கும் மேல் மரபணுவுக்கு வெளியே இருக்கிறது.

அந்த வெளியில் வீடு வருகிறது. அடிப்பதும் திட்டுவதும் மட்டும்தான் கெடுக்கும் என்றில்லை. குழந்தை தயங்கி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் அம்மாவோ அப்பாவோ முந்திக்கொண்டு அதற்காகப் பேசிவிடுவதும் ஒரு காரணம். 'அவ கூச்சப்படுவா, நான் சொல்றேன்' என்று யாரோ சொல்லும்போது, அந்தக் குழந்தைக்கு ஒரு சங்கடம் தப்பியது, ஒரு பயிற்சியும் தப்பியது. 'நாலு பேர் என்ன நினைப்பாங்க' என்பதை வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்டு வளர்ந்தோம் என்பதும் கணக்கில் சேரும். பெற்றோருக்கே இந்தப் பயம் இருந்தால் குழந்தை பார்த்தே கற்றுக்கொள்கிறது. பள்ளியில் தொடர்ந்து கேலிக்கு ஆளாவது இன்னொரு பெரிய காரணம். தோற்றம், திக்குவாய், உச்சரிப்பு, எதையாவது வைத்துக் கும்பலாகச் சிரித்திருப்பார்கள்.

வயதைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். அமெரிக்க ஆய்வுகளின்படி, பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்குப் பதின்மூன்று வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. முக்கால்வாசிப் பேருக்கு எட்டிலிருந்து பதினைந்துக்குள். பிறர் மனதுக்குள் நாம் எப்படித் தெரிகிறோம் என்று மூளை தீவிரமாகக் கணக்குப் போடத் தொடங்கும் வயது அது. அந்த வயதில் வரும் மாற்றத்தைப் பார்த்து வீட்டில், 'முன்ன மாதிரி வாயாடறதில்ல, பொறுப்பு வந்துடுச்சு' என்று மகிழ்ந்துபோவதும் உண்டு. வகுப்பில் சத்தமே இல்லாத பிள்ளையை யாரும் மருத்துவரிடம் அனுப்புவதில்லை. அதனால்தான் இவ்வளவு பரவலான ஒன்று இவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருக்கிறது. அமெரிக்காவில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவுக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்தக் கோளாறுக்கு ஆளாகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு எண்ணிக்கை மாறும், வடிவமும் மாறும். ஜப்பானில் தைஜின் கியோஃபுஷோ என்று ஒன்றைச் சொல்வார்கள். தன் பார்வையோ வாடையோ முகச்சிவப்போ எதிரில் இருப்பவருக்குத் தொந்தரவாகிவிடும் என்று அதில் பயப்படுவார்கள்.

தொடங்கியது எப்படியோ இருக்கட்டும். அது ஏன் தானாகப் போகவில்லை? என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. வேறு பயங்கள் பழகப் பழகக் குறைகின்றன. நான் தினமும் மனிதர்களோடுதானே பழகுகிறேன்? கடையில், அலுவலகத்தில், மின்தூக்கியில். இத்தனை ஆயிரம் முறை ஒன்றும் நடக்கவில்லை என்பதை மனம் ஏன் கற்றுக்கொள்ளவில்லை?

1995இல் உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். பதற்றம் வந்ததும் கவனம் வெளியிலிருந்து உள்ளே திரும்பிவிடுகிறது. குரல் எப்படி, முகம் எப்படி, கை எப்படி என்று கண்காணிப்பு தொடங்குகிறது. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காததால் அவர் சாதாரணமாகத்தான் இருக்கிறார் என்ற செய்தி உள்ளே வருவதே இல்லை. அந்த வெற்றிடத்தில் மனம் தானே ஒரு படத்தை வரைந்து வைக்கிறது: வெளியிலிருந்து பார்த்தால் நான் எப்படித் தெரிவேனோ அந்தப் படம். வியர்த்து, சிவந்து, திக்கி நிற்கும் ஓர் ஆள். பலருக்கு அந்தப் படம் சிறு வயதில் வரைந்தது, இன்னும் புதுப்பிக்கவில்லை. நாற்பது வயது ஆள் ஒரு கூட்டத்தில் பேசும்போது, மனக்கண்ணில் அவருக்குத் தெரிவது பதினான்கு வயதுப் பையனாக இருக்கலாம்.

அடுத்ததாக நான் முதலில் சொன்ன சமாளிப்புகள். இவற்றைப் 'பாதுகாப்பு நடத்தைகள்' என்கிறார்கள். ஒத்திகை பார்த்துப் பேசினேன், அதனால் தப்பித்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தேன், அதனால் நடுக்கம் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் தப்பித்ததற்கான பெருமை அந்த உத்திக்குப் போய்விடுகிறது. ஆபத்தே இல்லை என்பது பரிசோதிக்கப்படாமலே நிற்கிறது. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பாதி உத்திகள் பயந்ததையே வரவழைக்கும். வியர்வை தெரியக் கூடாதென்று வெயில் காலத்திலும் மேலே ஒரு கனமான சட்டையைப் போட்டால் இன்னும் வியர்க்கும். கோப்பையை இறுக்கிப் பிடித்தால் கை இன்னும் நடுங்கும். உளறக் கூடாதென்று வாக்கியத்தைத் தயாரித்துக்கொண்டே கேட்டால், அவர் கேட்டது ஒன்று, நான் சொல்வது ஒன்று என்று ஆகும்.

நம்மை யாரும் அந்த அளவுக்குக் கவனிப்பதில்லை என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்கு, போட்டுக்கொள்ளவே கூசும் ஒரு டி-ஷர்ட்டைக் கொடுத்து, சக மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாடகர் பேரி மேனிலோவின் முகம் பெரிதாக அச்சிட்ட டி-ஷர்ட் அது. உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேர் அது யார் படம் என்று கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், போட்டிருந்தவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்கள். நிஜத்தில் கவனித்தது நாலில் ஒரு பங்குகூட எட்டவில்லை. அந்த மாணவர்கள் யாரும் நோயாளிகள் அல்ல என்பதைக் கவனியுங்கள். சாதாரண மனிதர்களே தங்கள் மேல் விழும் கவனத்தை இரண்டு மடங்காகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் இந்தத் தகவல் எனக்கு எந்த நிம்மதியையும் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாலில் ஒருவர் யார் என்றுதான் என் மனம் தேடியது.

பாராட்டும் பயத்தைக் கொடுக்கும். இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 'பிரமாதமா பண்ணீங்க' என்று நாலு பேர் முன்னால் ஒருவர் சொல்லும்போது எனக்குள் ஓடுவது, 'போச்சு, அடுத்த முறையும் இதே மாதிரி எதிர்பார்ப்பாங்க' என்பதுதான். 2004இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு ஆஸ்திரிய எழுத்தாளர் எல்ஃப்ரீட யெலினெக்குக்குக் கிடைத்தது. கூட்டத்தின் முன் தோன்றும் பயத்தைக் காரணமாகச் சொல்லி அவர் விழாவுக்குப் போகவில்லை. உரையைக் காணொளியாகப் பதிந்து அனுப்பினார். எழுத்தில் யாருக்கும் அஞ்சாதவர் என்று பெயர் எடுத்தவர் அவர். ஆகவே இது தைரியம் இல்லாதவர்களுக்கு வருவது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

விலை கொடுப்பது நிதானமாக, வருடக்கணக்கில் நடக்கிறது. நேர்முகத் தேர்வு இல்லாத வேலையாகப் பார்த்துச் சேர்வது. குழுவை நடத்த வேண்டியிருக்கும் என்பதால் பதவி உயர்வை மறுப்பது. வகுப்பில் வாய்மொழித் தேர்வு உள்ள பாடத்தை எடுக்காமல் விடுவது. வலியோடு இருந்தாலும் மருத்துவரிடம் முழுதாகச் சொல்லாமல் திரும்புவது. சிலர் குடித்தால் பேச்சு வருவதைக் கண்டுபிடிக்கிறார்கள். அதுவும் ஒரு பாதுகாப்பு நடத்தைதான், தனி நோயாக வளரக்கூடியது. மனச்சோர்வு பெரும்பாலும் பின்னாலேயே வந்து சேர்கிறது. மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பலர் அந்தச் சோர்வுக்காகத்தான் வருகிறார்கள்; அடியில் இருப்பது கேட்டால் ஒழிய வெளியே வராது.

சிகிச்சையில் எனக்கு வேலை செய்தது, இந்த உத்திகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி என்பார்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இலேயே, சமூகப் பதற்றத்துக்கென்று வடிவமைத்த தனிநபர் சிபிடியைப் பெரியவர்களுக்கு முதல் தேர்வாகப் பரிந்துரைத்திருக்கிறது. 'பயப்படாதே, தைரியமாகப் பேசு' என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஒரே ஆளோடு இரண்டு முறை பேசச் சொன்னார்கள். முதல் முறை என் எல்லா உத்திகளோடும். இரண்டாம் முறை ஒத்திகை கிடையாது, என்னைக் கண்காணிப்பதும் கிடையாது, கவனம் எதிராளி சொல்வதில் மட்டும். இரண்டாவதில் மாட்டிக்கொள்வேன் என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு இரண்டின் காணொளியையும் போட்டுக் காட்டினார்கள். போடுவதற்கு முன், 'உங்க முகம் எவ்வளவு சிவந்திருக்கும், இந்த நிற அட்டையில காட்டுங்க' என்றார் உளவியலாளர். நான் காட்டிய சிவப்பைத் திரையின் மேல் வைத்துப் பார்த்தோம். அந்த நிறத்தில் மனிதர் யாரும் இருக்க முடியாது. முதல் உரையாடலில் திரையில் தெரிந்த ஆள் விறைப்பாக, ஆர்வமில்லாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டாவதில் ஒரு சாதாரண ஆள் பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வெளியே போய்ச் செய்தவை இன்னும் வேடிக்கை. கடைக்காரரிடம் வேண்டுமென்றே வாக்கியத்தை நடுவில் நிறுத்திவிட்டு மௌனமாக நிற்பது. கூட்டத்தில் தெரிந்தே ஓர் அசட்டுக் கேள்வி கேட்பது. கையை வேண்டுமென்றே நடுக்கிக்கொண்டு பணம் கொடுப்பது. என்ன நடக்கும் என்று முன்கூட்டி எழுதிவிட்டு, நடந்ததை எதிரே எழுத வேண்டும். கடைக்காரர் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். வேறொன்றும் நடக்கவில்லை. சும்மா ஆட்களோடு பழகினால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கும் இதற்கும் இருக்கிற வித்தியாசம் இதுதான்: உத்திகளோடு பழகினால் ஆயிரம் முறை பழகினாலும் ஒன்றும் கற்க மாட்டோம்.

மருந்தும் உண்டு. மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளைத்தான் பெரும்பாலும் முதலில் தருவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. கச்சேரி, மேடை போன்ற ஒற்றை நிகழ்வுக்கு மட்டும் கை நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்க புரோபிரனோலால் என்ற மாத்திரையைச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. உடனே அமைதி தரும் பென்சோடயசெபின் வகை பழக்கமாகிவிடக்கூடியது. எனக்கு மாத்திரை தேவைப்படவில்லை. தேவைப்படுகிறவர்களைக் குறைத்துப் பேசவும் எனக்கு உரிமை இல்லை.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அவருக்காகப் போனை எடுத்துப் பேசிவிடாதீர்கள். அதேசமயம் போனைக் கையில் திணித்து, 'இப்பவே பேசு' என்றும் நிற்காதீர்கள். பத்துப் பேர் முன்னால் 'ஏன் உம்முனு இருக்கே?' என்று கேட்பதால் இதுவரை யாரும் பேசத் தொடங்கியதாக எனக்குத் தெரியவில்லை. தனியாக இருக்கும்போது, 'வர முடியலைன்னா அதையே சொல்லு, தலைவலின்னு சொல்ல வேண்டாம்' என்று சொல்லலாம். எனக்கு ஒரு நண்பர் அப்படிச் சொன்னார். பொய்க்காரணம் தேடும் வேலை மிச்சமானதும் அவர் கூப்பிட்ட இடங்களுக்கு அதிகம் போனேன்.

சிகிச்சைக்குப் போவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தெரியாத ஒருவருக்குப் போன் செய்து நேரம் வாங்க வேண்டும், தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேச வேண்டும். நேரம் வாங்குவதைச் செய்தியிலோ மின்னஞ்சலிலோ செய்ய முடிகிற இடமாகப் பாருங்கள், இல்லையென்றால் அந்த ஒரு போனை மட்டும் நெருங்கிய ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள். போகும்போது ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதி எடுத்துப் போனால் போதும்: எத்தனை வருடமாக, எதையெல்லாம் செய்யாமல் விட்டிருக்கிறேன், விட முடியாதபோது என்ன செய்து சமாளிக்கிறேன். உட்கார்ந்ததும் பேச்சு வரவில்லையென்றால் தாளை நீட்டிவிடலாம். அவர்கள் அதைப் பார்த்துப் பழகியவர்கள்.